ஒரு கிளாஸ், நாலு பேர்

“சம்பத்து, டானின்னா இன்னா?”

புத்தூரில் ரயில் ஏறியதுமே சுலோச்சனா அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

“துவர்ப்புக்கா. திராட்சைத் தோலு, கொட்டையில இருந்து வர்ற துவர்ப்பு.”

“துவர்ப்புன்னா துவர்ப்புன்னே சொல்லிட்டுப் போலாமே. எதுக்கு அதுக்குத் தனியா ஒரு பேரு?”

எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னாம்மா அது, மருந்தா?” என்றார்.

“பரீட்சைங்க” என்றார் அக்கா. ஒயின் என்று அந்தப் பெட்டியில் சொல்ல முடியாது.

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி போகிற சாலையில் உள்ள ஒரு ஹோட்டலில் நாங்கள் வேலை செய்தோம். நான் பேன்க்வெட் ஹாலில் பரிமாறுகிறவன். அக்கா சமையலறையை ஒட்டிய பேன்ட்ரியில். மேல்மாடியில் புதிதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறக்கப் போகிறார்கள், அதில் ஒயின் கவுண்டர் வருகிறது, இருக்கிற ஆட்களிலேயே நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்து இரண்டு பேரை எடுப்பார்கள் என்று மேனேஜர் ஹரிபாபு சார் சொல்லியிருந்தார். அக்கா, நான், வரவேற்பிலிருந்து கல்பனா, காபி ஷாப்பிலிருந்து வேணு. சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்து சோதிப்பார்.

தோற்றால் மற்ற மூன்று பேருக்கும் பழைய இடம் இருந்தது. அக்காவுக்கு இல்லை. பேன்ட்ரியை வேறு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு அவர் ஆட்கள் வந்துவிடுவார்கள். கவுண்டர் கிடைக்காவிட்டால் அக்கா மறுபடியும் சித்தூருக்குப் போக வேண்டும்.

சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் பேக்டரியில் அக்கா எட்டு வருஷம் இருந்தவர். அங்கே மே மாதம் தொடங்கி ஆகஸ்டு வரைதான் வேலை. அந்த நாலு மாதமும் பேக்டரி கொட்டகையிலேயே தங்கல். ஐந்தாவது படிக்கிற மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். போன தடவை திரும்பி வந்தபோது பெண் இரண்டு நாள் தன்னோடு பேசவில்லை என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகுதான் இந்த ஹோட்டல்.

பேக்டரியில் அவர் வேலை ருசி பார்ப்பது. ஒவ்வொரு தொட்டிக் கூழிலும் ஒரு சொட்டு எடுத்து கருவியில் வைத்தால் இனிப்பின் அளவு எண்ணாக வரும். அதைப் பிரிக்ஸ் என்பார்கள். கருவி சொல்வதைத் தவிர ஆளும் சொல்ல வேண்டும். முகக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, தலையை அண்ணாந்து, கரண்டி உதட்டில் படாமல் நாக்கில் ஊற்றிக்கொள்வது. அங்கே சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த முதல் சட்டம், முகத்தைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முடி விழும், மூச்சு படும். ஒரு நாளைக்கு நூறு தொட்டி. எந்தத் தொட்டியில் பழுக்காத காய் கலந்திருக்கிறது என்று அவர் நாக்கு சொன்னால் கருவியை மறுபடி பார்ப்பார்களாம்.

அதனால் போட்டியில் எனக்குப் பயமே அவரைப் பார்த்துத்தான். நாக்கு உள்ளவர் அவர். என்னிடம் இருந்தது ஒரு பி.எஸ்சி. சான்றிதழ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த பாடத்துக்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நைனாவுக்கு இன்னும் தெரியாது. “ஓட்டல்ல ஆபீசர்” என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கவுண்டர் கிடைத்தால் அதில் பாதியாவது உண்மையாகும் என்று நினைத்தேன்.

ஹரிபாபு சார் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் அச்செடுத்து என் கையில் கொடுத்தார். “டிகிரி நீதான். தமிழ்ல எழுதி மூணு பேருக்கும் இச்சேய், கொடுத்துடு. சனிக்கிழமை எவனும் முழிக்கக் கூடாது.”

எழுதினேன். டிரை என்றால் இனிப்பு இல்லாதது. அசிடிட்டி என்றால் புளிப்பு, நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும். பாடி என்றால் வாயில் தெரிகிற கனம். பினிஷ் என்றால் விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கிளாஸை மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு நன்றாக மூச்சிழுத்து, அதன் பிறகே குடிக்க வேண்டும் என்று.

அந்த வரியை நான் எழுதவில்லை.

ஏன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். புது கிளாஸ்கள் திறப்பு விழா வரைக்கும் பெட்டியை விட்டு வெளியே வராது என்று சார் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு ஒரே கிளாஸ், நாலு பேர். எங்கள் வீடுகளில் சொம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் முதுகில் அடி விழும். நாலு பேர் குடிக்கிற கிளாஸுக்குள் மூக்கை விடு என்று அக்காவிடமும் கல்பனாவிடமும் எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரர்கள் மேஜையில் செய்கிற பகட்டு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பாட்டிலைத் திறந்தார் சார். சிவப்பு. எல்லாரும் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டோம். கல்பனா முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சீ, கெட்டுப்போன கஷாயம்” என்றாள்.

“டிரை” என்றார் அக்கா. “அதாவது பிரிக்ஸ் ஒண்ணுமில்ல. சக்கரை எல்லாம் சாராயமாப் பூடுச்சு. அப்படித்தானே?”

“அப்படித்தாங்க்கா.”

“அப்படிச் சொன்னா எனக்குப் புரியுமே. தண்ணி மாதிரி கீறதப் போய் டிரை, டிரைன்னா?” பாடி என்பதையும் அவரே பிடித்துக்கொண்டார். “டீக்கடைப் பால், வூட்டு எருமைப் பால். அதானே?” டானினுக்கு நான் சொன்ன, பால் விடாத கட்டன் டீயை அவர் ஏற்கவில்லை. “டீ தொண்டையில புடிக்கும். இது ஈறுல புடிக்குது. வாழைக்காயைப் பச்சையாக் கடிச்சா மாதிரி.” நான் நோட்டில் திருத்தி எழுதினேன்.

கடைசியில் அரோமா. வாசனை. பாட்டிலில் பிளாக்பெர்ரி, வெனிலா என்று போட்டிருந்தது.

“உனக்கு வருதா?” என்று என்னைக் கேட்டார்.

“லைட்டா” என்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. பிளாக்பெர்ரியை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். கல்பனாவும் “ஆமா, பெர்ரிதான்” என்றாள். வேணு சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

“எனக்கு வரல” என்றார் அக்கா.

“வரலன்னாலும் வருதுன்னு சொல்லும்மா. அவ்ளோதான்!” என்றார் ஹரிபாபு சார்.

“பாக்காமயே நம்பர் எழுதினா பேக்டரியில ஏத்தின லோடு திரும்பி வரும் சார்.”

“இங்க எந்த லோடும் வராது அம்மா தல்லீ. சனிக்கிழமை அந்த மேடம்தான் வரும்.”

புதன்கிழமையும் அப்படியே. வேறு பாட்டில், அதே கிளாஸ். அக்கா மூன்று முறை ஊற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். புளிப்பு, துவர்ப்பு, கனம் எல்லாம் சரியாகச் சொன்னார். வாசனைக்கு வந்ததும் கிளாஸைக் கீழே வைத்தார். “இல்ல” என்றார்.

வியாழக்கிழமை மதியம் பேன்க்வெட் ஹாலில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் விருந்து. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர், கம்பெனியே கொண்டுவந்திருந்த ஒயின் கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் பகட்டுக் காட்டவும் இல்லை. மல்லிகையை முகர்வதுபோலக் கண் மூடியிருந்தார். பிறகு பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார், அவரும் தன் கிளாஸுக்குள் மூக்கை விட்டுத் தலையாட்டினார்.

தட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு முறை அவரைப் பார்த்தேன்.

அண்ணாந்து ஊற்றும்போது கிளாஸ் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. வாசனை எப்படி வரும்? இரண்டு நாளாக நாங்கள் நாலு பேரும் ஒயினை மாத்திரைக்குத் தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வரி என்னிடம் இருந்தது.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். கணக்கு ஒன்று குறுக்கே வந்தது. வேணுவின் ஆங்கிலம் நன்றாக இருக்கும், அவனுக்கு ஒரு இடம் நிச்சயம். கல்பனாவுக்கு இதில் விருப்பமே இல்லை. மிச்சம் ஓர் இடம், அக்காவும் நானும். வாசனை தவிர எல்லாவற்றிலும் அவர் என்னைவிட மேல். அந்த வாசனையும் அவருக்கு வந்துவிட்டால்? இதை நினைத்த ஆள் நான்தான். வேறு யார் தலையிலும் இதைப் போட முடியாது.

வெள்ளிக்கிழமை ரயிலில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பூடி ஸ்டேஷன் தாண்டியதும் பையிலிருந்து சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களை எடுத்து என் மடியில் வைத்தார்.

“நான் கண்ணை மூடிக்கிறேன். ஒவ்வொண்ணா என் மூக்குகிட்ட காட்டு.”

“எதுக்குக்கா?”

“காட்டுடா.”

காட்டினேன். “காப்பித்தூள்” என்றார். “சோம்பு. சூடம். இது மிளகாத்தூள், கிட்ட கொண்டாராத.” எல்லாம் சரி. கண்ணைத் திறந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது, மிளகாய்த்தூளால்கூட இருக்கலாம்.

“கொரோனா வந்தப்போ எனக்கு வாசனை சுத்தமாப் பூடுச்சு சம்பத்து. அஞ்சு மாசம். பேக்டரியில யாருக்கும் சொல்லல, சொன்னா நிறுத்திடுவாங்க. அப்புறம் வந்துடுச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பாரு, எல்லாம் வருது. அது மட்டும் வரல. உங்க மூணு பேருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏன் வரல? பாதி மூக்குதான் திரும்பி வந்துச்சா?”

வரி என் நாக்கு நுனியில் இருந்தது. எங்களுக்கும் வரவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ரேணிகுண்டா வந்துவிட்டது. கூட்டம் இறங்கத் தள்ளியது. நான் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த மேடம் வந்தார். பெயர் ஸ்ரீதேவி. நாற்பது வயது இருக்கும். தெலுங்கு பேசினார், தமிழும் தெரிந்தது. மேல்மாடியில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி, மேடமே கொண்டுவந்த கிளாஸ் ஆளுக்கொன்று, பக்கத்து நாற்காலியில் ஹரிபாபு சார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வெளியே நின்று கதவின் வட்டக் கண்ணாடி வழியே பார்க்கலாம், பேச்சு கேட்காது.

கல்பனா போனாள், அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள், வந்தாள். “பிளாக்பெர்ரின்னுட்டேன். எனக்கு வேணாம்ப்பா இந்த வேலை, வாயெல்லாம் கசக்குது.”

அடுத்து அக்கா. கிளாஸைத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக்கொண்டார். அந்த மேடம் பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அக்கா நிறையப் பேசினார், கையால் எருமைப் பாலின் கனத்தைக்கூடக் காட்டினார். மேடம் ஏதோ கேட்டார். அக்கா தலையை இடமும் வலமும் ஆட்டினார். இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் அதே தலையாட்டல்.

வெளியே வந்தவர் சுவரில் சாய்ந்துகொண்டார். “எல்லாம் சொன்னேன். வாசனை கேட்டாங்க. இல்லன்னுட்டேன்.”

“ஏதாவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“வராத வாசனைய எப்படிச் சொல்றது?” சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “மே மாசம் மறுபடியும் சித்தூருதான். பாப்பாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

அதற்குள் வேணு போயிருந்தான். கண்ணாடி வழியே பார்த்தேன். அவன் கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டான். நிதானமாக, பழகியவன் மாதிரி.

வெளியே வந்து என் காதருகே, “நோட்டு எழுதினவன் நீ. உனக்குத் தெரியாதா?” என்றான்.

“உனக்குத் தெரியுமா?”

“யூடியூப்ல மொத வீடியோவே அதான். நீயே சொல்லல, நான் எதுக்குச் சொல்லணும்?”

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு முன்னால் நின்றேன். மேடம் சிவப்பை ஊற்றினார். சுழற்றினேன், கொஞ்சம் வெள்ளைத் துணியில் தெறித்தது. மூக்கை உள்ளே விட்டேன். சட்டென்று ஏதோ மேலேறி வந்தது. பழம், அதற்குப் பின்னால் வேறொன்று, பெயர் தெரியவில்லை. ஆனால் இருந்தது, நிறைய இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் மூக்கு செத்துப்போனது என்று நம்பிக்கொண்டு நிற்கிறார்.

கிளாஸைக் கீழே வைத்தேன்.

“மேடம், முன்னாடி வந்தாங்களே, சுலோச்சனா. அவங்களுக்கு இன்னொரு தடவை கொடுங்க. கிளாஸ்ல மூக்கு வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வரியை விட்டுட்டேன்.”

“ஏமிட்ரா இது?” ஹரிபாபு சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மூணு பக்கம் எழுதச் சொன்னா அதுல ஒரு வரி திருடுவியா?”

மேடம் கையமர்த்தினார். “ஏன் விட்டே?”

“ஒரே கிளாஸ், நாலு பேர் மேடம். எச்சில்...”

“எப்போ தப்புன்னு தெரிஞ்சுது?”

“வியாழக்கிழமை.”

“இன்னைக்கு சனிக்கிழமை.”

அவர் எதையோ எழுதினார். எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். பெயர்ப் பட்டையைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு வந்தார். புதிய கிளாஸில் ஊற்றி, “குடிக்க வேண்டாம்மா. மூக்கை உள்ளே வச்சு மூச்சிழுங்க” என்றார் மேடம்.

அக்கா ஹரிபாபு சாரைப் பார்த்தார். “சார், அப்புறம் இத யாரு குடிப்பாங்க?”

“எவனும் குடிக்க மாட்டான்மா! உன் கிளாஸ் அது. வை!”

குனிந்தார். விளிம்புக்கு நாலு விரல் தூரத்தில் தலை தானாகப் பின்னால் வந்துவிட்டது. மறுபடி குனிந்தார், மறுபடியும் அதே. “பாத்திரத்துகிட்ட மூஞ்சி போகக் கூடாதுன்னு பழக்கம் மேடம்” என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். மூன்றாவது முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிணற்றில் குதிக்கிற ஆள் மாதிரி உள்ளே போனார்.

மூக்கை வெளியே எடுக்கவே இல்லை. நான் பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். தோள் ஏறி இறங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“வருது” என்றார் கிளாஸுக்குள்ளிருந்தே. “மேடம், வருது.”

“என்ன வருது?”

“நாவப்பழம். மரத்துலேர்ந்து வுழுந்து, வெயில்ல கெடந்து சூடேறின பழம். அப்புறம் நசுக்கின மிளகு. அதுக்கு அடியில... இருங்க... புதுசா ஆணியடிச்ச மரப்பெட்டி. பழம் அடுக்கறதுக்கு முன்னாடி காலியா கீற பெட்டி.”

“லேபிள்ல பிளாக்பெர்ரின்னு போட்டிருக்கே?”

“அத நான் துன்னதில்ல மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே, “மரப்பீப்பாயில வச்சிருந்த ஒயின்தான்” என்றார். அக்கா மறுபடியும் மூக்கை உள்ளே விட்டுவிட்டார். போதும் என்று ஹரிபாபு சார் கிளாஸை வாங்க வேண்டியிருந்தது.

திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

“வியாழக்கிழமையே தெரியுமாமே உனக்கு? ஹரிபாபு சார் சொன்னாரு.”

“ம்.”

“வெள்ளிக்கிழமை நான் காப்பித்தூள் எடுத்துக்கினு வந்தப்போ?”

“ம்.”

“மூக்கு செத்துப்போச்சுன்னு ரெண்டு நாளா நான் சோறு துன்னல, சம்பத்து.”

புத்தூரில் இறங்கும்போது அக்கா போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை பலகையில் இரண்டு பெயர்கள். வேணு, சுலோச்சனா. நான் பேன்க்வெட்டுக்குத் திரும்பினேன். நைனாவிடம் சொல்ல எதுவும் இல்லை, சொல்லவும் இல்லை. கடைசியில் நான் சொன்னதற்காக என்னை நானே பாராட்டிக்கொள்ளலாமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அவர் பட்டையைக் கழற்றுவதைப் பார்க்காமல் இருந்திருந்தால், வேணு என் காதில் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

திறப்பு நாளன்று ஏழு மணிக்கு முதல் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. ஆறே முக்காலுக்கு பேன்க்வெட் ஹால் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். புதுக் கறுப்புக் கோட்டு, தோளில் கொஞ்சம் பெரிது. கைகள் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். ரயிலில் பிரிந்த பிறகு அந்த ஒன்பது நாளில் அவர் என்னோடு பேச வந்தது அதுதான் முதல் தடவை.

“வேணு பிஸியா கீறான். ஒரு வாட்டி கேளு, சீக்கிரம்.”

தட்டுகளை வைத்துவிட்டுக் கேட்டேன். டிரை, அசிடிட்டி, டானின், பாடி, பினிஷ். ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்காமல் பதில் வந்தது. பினிஷுக்கு, “நெல்லிக்கா துன்னுட்டு வுட்டா, வாயிலயே நிக்குதே அது” என்றார். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

“அவ்வளவுதாங்க்கா.”

“வேற எதையாச்சும் வுட்டுட்டியா?”

“இல்லக்கா.”

“அந்த மூணு பக்கத்துல கீறது எல்லாம் சொல்லிட்ட?”

“எல்லாம் சொல்லிட்டேன். நெஜமா.”

மேலே மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அவர் என் முகத்தை, தொட்டியில் காய் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். அங்கே என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. “அந்தப் பேப்பர் உங்கிட்ட கீதா? எடு, நானே பாத்துக்கறேன்” என்று கையை நீட்டினார்.

மூன்று பக்கமும் என் பையில்தான் இருந்தன. கொடுத்தேன். ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்துக்கொண்டே படியேறினார்.

நான் படிக்கட்டின் கீழேயே நின்றேன். முதல் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்.